சபையில் கட்சி கட்டுகிறவர்களோடு என்ன செய்வது? ஒரு முன்னாள் செயலாளரின் முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை பத்தரை மணிக்கு முடியும். எங்கள் சபையின் நிஜமான கமிட்டிக் கூட்டம் அதற்கப்புறம்தான், வாசலில் பைக் நிறுத்துகிற இடத்தில் ஆரம்பிக்கும். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நாலு பேர். ஒருவர் பேசுவார், மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். நாங்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால், "என்ன பிரதர், வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது" என்று பேச்சு மாறிவிடும்.

வட சென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிற சபை அது. நூற்றைம்பது குடும்பம் இருக்கும். இரண்டு தவணை, மொத்தம் ஆறு வருஷம், அங்கே செயலாளராக இருந்தேன். அதில் ஒரு முறை சபை இரண்டாக உடைய வேண்டியது, மயிரிழையில் தப்பியது. நான் ஆயர் இல்லை, வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை. முதல் தவணையில் செய்யக்கூடிய தப்பு எல்லாவற்றையும் செய்தேன், இரண்டாவது தவணையில் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்ம ஏரியாவின் சிக்கல் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய இடத்துச் சபைகளில் ஒருத்தரோடு மனஸ்தாபம் என்றால் அடுத்த ஞாயிறு வரை அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு முன்னால் நிற்பவர் அவர்தான். காசிமேட்டில் மீன் வாங்கப் போனாலும், எம்.சி. ரோட்டில் கிறிஸ்துமஸ் துணி எடுக்கப் போனாலும் எதிரே வருவார். பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சம்பந்தி வேறு. அதே நேரத்தில் பிரிந்து போவது இங்கே ரொம்ப மலிவு. மாடியில் ஒரு ஹால், முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு, ஒரு ஆம்ப்ளிபையர், வாசலில் பிளக்ஸ் பேனர். அடுத்த மாதம் புதுச் சபை ரெடி. விலகி இருக்கவும் முடியாது, உடைக்கவும் சுலபம். வேறு ஊர் ஆலோசனைகள் இங்கே அப்படியே பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

முதல் படி: குறையைத் தீருங்கள், ஆளை அப்புறம் பார்க்கலாம்

எங்கள் சபையில் ஒரு அக்கா. பேச்சு மிளகாய். குரலுக்கு மைக் தேவையே இல்லை. ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகை முடிந்ததிலிருந்து ஞாயிறுதோறும் ஒரே கேள்வி: "ஏலக் காசு எங்க போச்சு?"

அறுப்பின் பண்டிகை ஏலம் தெரியாதவர்களுக்காக: காணிக்கையாக வந்த வாழைத்தார், பூசணிக்காய், கரும்புக் கட்டு, சேவல், வீட்டில் சுட்ட கேக் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். சூடு பிடித்தால் ஒரு தேங்காய் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஆனால் ஏலம் கேட்டவர் காசை அன்றைக்கே எடுத்துக் கொடுக்கமாட்டார். "எழுதிக்கங்க, சம்பளம் வந்ததும் தர்றேன்." நாங்களும் எழுதிக்கொள்வோம். அடுத்த வாரம் மேடையில் மொத்தத் தொகையை அறிவித்துக் கைதட்டலும் வாங்கிவிடுவோம்.

கமிட்டியில் அந்த அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்தம்மா சபையைப் பிரிக்கிறாங்க" என்றார் ஒருவர். மினிட்ஸ் புத்தகத்தில் அதை என் கையால் எழுதினேன். மூன்று மாதம் கழித்துத்தான் பொருளாளரும் நானும் நோட்டை விரித்து உட்கார்ந்தோம். அறிவித்த தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் நடுவே பதினைந்தாயிரம் சொச்சம் இடித்தது. யாரும் திருடவில்லை. ஏலம் கேட்டுவிட்டுக் காசு தராதவர்களின் பாக்கி அது. அதில் பாதி கமிட்டி ஆட்களுடையது. அறுநூறு ரூபாய்ப் பூசணிக்காய் ஒன்று என் பெயரில் இருந்தது.

பட்டியலைப் பெயரோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். அடுத்த ஞாயிறு அக்கா அதைப் படித்தார். "இதைத்தானே கேட்டேன்" என்றார். அதோடு சரி. இன்றைக்குக் காணிக்கை எண்ணுகிற மூன்று பேரில் அவரும் ஒருவர்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசுகிறவர்கள், தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடப்படுகிறார்கள் என்று முறுமுறுத்தார்கள். முறுமுறுப்பது பாவம் என்று அப்போஸ்தலர்கள் பிரசங்கம் செய்யவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பெயரையும் படித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்துக்கே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் போல.

ஆகவே யாராவது குறை சொல்கிறார் என்று காதில் விழுந்தால், அந்தக் குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். சொன்னவர் பெயரை எழுதாதீர்கள். அதற்குப் பதில் எந்த நோட்டில், எந்த ரசீதில், யாரிடம் இருக்கிறது என்று தேடி, இரண்டு வாரத்துக்குள் பதிலை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். பணம் பற்றிய குறை என்றால் மாதக் கணக்கு போர்டில் வர வேண்டும்: சந்தா, காணிக்கை, செலவு, பாக்கி. ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத இரண்டு பேர் கையெழுத்தோடு. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சபையாக இருந்தால், வருஷாந்தரப் பொதுக்கூட்டமும் கணக்கும் எப்படியும் உங்கள் கடமை. யாரோ கேட்டார் என்பதற்காகச் செய்கிற தயவு இல்லை அது.

கட்சி கட்டுகிறவரின் மூலதனமே தீராத குறைதான். அதை நீங்கள் தீர்த்துவிட்டால் அவர் கையில் எதுவும் இருக்காது.

இரண்டாவது படி: குறை தீர்ந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்

இப்போது இன்னொருவர். அண்ணன் என்றே சொல்கிறேன். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. உபவாச ஜெபத்துக்கு முதல் ஆளாக வருவார். "எனக்கு ஒண்ணும் இல்ல பிரதர், ஜெபக் குறிப்பாத்தான் சொல்றேன்" என்றுதான் எதையும் தொடங்குவார்.

கீபோர்டு சத்தத்தில் கீர்த்தனை கேட்கவில்லை என்றார். நியாயம்தான், குறைத்தோம். பிறகு ஞாயிறு பள்ளிக்குச் சரியான ஆசிரியர் இல்லை என்றார். ஆள் போட்டோம். ஆயர் தண்டையார்பேட்டை வீடுகளுக்கே போகிறார், கொருக்குப்பேட்டைக்கு வருவதில்லை என்றார். ஆயரின் டைரியை வைத்து எண்ணினோம். கொருக்குப்பேட்டைக்குத்தான் இரண்டு வீடு அதிகம். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை, ஏமாற்றம்தான் வந்தது. அடுத்த வாரம் ஆயரம்மா கட்டியிருந்த புடவையின் விலை.

அக்காவுக்கும் அண்ணனுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். பதில் கிடைத்ததும் அக்கா அடங்கினார். அண்ணனுக்குப் பதில் கிடைத்தது நஷ்டமாகிவிட்டது. ஆனால் நாங்கள் முதலில் சந்தேகப்பட்டது அக்காவைத்தான், காரணம் அவர் குரல். ரோமர் 16-இல் பவுல் பிரிவினை உண்டாக்குகிறவர்களைப் பற்றிச் சொல்லும்போது "நயவசனிப்பினாலும் இச்சகப்பேச்சினாலும்" என்று எழுதுகிறார். இனிக்க இனிக்கப் பேசி முகஸ்துதி செய்கிறவர்களைச் சொல்கிறார், சத்தம் போடுகிறவர்களைச் சொல்லவில்லை.

வேறு அடையாளங்களும் உண்டு. பேச்சில் "நிறைய பேர் வருத்தப்படறாங்க" என்று வரும், பெயர் வராது. சபையில் ஜெபக்கூட்டம் இருக்கிற அதே சாயங்காலம் அவர் வீட்டில் தனி ஜெபக்கூட்டம் நடக்கும். சபைக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால் ஆயருக்கு முன்னால் அவர் போய்ப் பார்த்துவிடுவார். சபைக் கமிட்டித் தேர்தல் நெருங்க நெருங்கக் குறைகள் கூடும்.

தீத்து 3:10-இல் "வேதப்புரட்டனாயிருக்கிற ஒருவனுக்கு நீ இரண்டொருதரம் புத்திசொன்னபின்பு அவனைவிட்டு விலகு" என்று வாசிக்கிறோம். வேதப்புரட்டன் என்றதும் தப்பு உபதேசம் செய்கிறவன் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். மூலத்தில் உள்ள ஹைரெடிகோஸ் என்ற கிரேக்கச் சொல்லில் கட்சி பிரிக்கிறவன் என்ற அர்த்தமும் இருக்கிறது. உபதேசத்தில் ஒரு எழுத்து பிசகாதவர்கூட அந்த வசனத்துக்குள் வரலாம்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு, அவரைத் தயவுசெய்து இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். எதைப் பார்த்தாலும் குறை சொல்கிறவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர், ஃபேன் வேகம் பற்றி மட்டும் எட்டு மாதம் சண்டை போட்டார். அவர் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த ஃபேனுக்குக் கீழேதான் இருவரும் உட்காருவார்கள். அவருக்குத் தேவைப்பட்டது புத்திமதி இல்லை, ஞாயிறு மதியம் யார் வீட்டிலாவது ஒரு சாப்பாடு.

நடுவில் ஒரு கசப்பான விஷயம்

இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பூசி மெழுகுவதாகிவிடும். நம் சபைகளில் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர்களும், திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களும், வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துக் குடும்பங்களும் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். தேர்தல் வந்தால் பெஞ்சு பிரிகிறது. "நம்மாளு" என்ற வார்த்தை வருகிறது. கீர்த்தனையா, புதுப் பாட்டா என்ற சண்டையைக் கொஞ்சம் சுரண்டினால் அடியில் ஊரும் ஜாதியும் இருக்கும். "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று கொரிந்தியர் சொன்னதற்கு நம் பதிப்பு இது.

அப்படி இருந்தால் அதை ஜாதி என்றே சொல்லுங்கள். "சின்ன மனஸ்தாபம்" என்று மினிட்ஸில் எழுதாதீர்கள். இன்னொன்று: தன்னைத் தாழ்வாக நடத்துகிறார்கள் என்று ஒருவர் எழுந்து சொன்னால், பிரிவினைக்காரர் அவர் இல்லை. அப்படி நடத்தியவர்தான். இதை மாற்றிச் செய்த சபைகளை எனக்குத் தெரியும்.

மூன்றாவது படி: உங்கள் காதை முதலில் சரி செய்யுங்கள்

"விறகில்லாமல் நெருப்பு அவியும், கோள்சொல்லுகிறவனில்லாமல் சண்டை அடங்கும்" என்பது நீதிமொழிகள் 26:20. கோள் சொல்கிறவனுக்கு ஒரு காது வேண்டும், அந்தக் காது பெரும்பாலும் பொறுப்பில் இருக்கிறவருடையது. செயலாளர் என்றால் எல்லாத் தகவலும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நானே மணிக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். நான் தலையாட்டியதெல்லாம் "செயலாளரே ஒத்துக்கிட்டார்" என்று வெளியே போயிற்று.

இப்போது எனக்கு மூன்றே பதில்தான். "நிறைய பேர் சொல்றாங்க" என்றால், "யார் யாருன்னு சொல்லுங்க, நான் போய்ப் பாக்கறேன்." ஒருவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால், "அவர்கிட்ட சொன்னீங்களா?" இல்லை என்றால், "வாங்க, இப்பவே சேர்ந்து போலாம். செருப்பு போட்டுக்கறேன்." மூன்றாவதைச் சொல்லும்போது நிஜமாகவே எழுந்து நில்லுங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு அப்போதுதான் அவசர வேலை ஞாபகம் வரும். மீதி இரண்டு பேர் கூட வருவார்கள். அவர்களுடையது நிஜமான வருத்தம்.

நான்காவது படி: தனியாகப் போங்கள்

மத்தேயு 18:15, "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்கிறது. எல்லோருக்கும் மனப்பாடம், யாரும் செய்வதில்லை. ஏனென்றால் கஷ்டம். அண்ணன் வீட்டுப் படி ஏறும்போது எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு எல்லோருக்கும் சூடு அதிகம். செவ்வாய், புதன் சாயங்காலம் நல்லது. டீக்கடையில் சந்திக்காதீர்கள், பார்க்கிறவர்கள் எல்லோரும் மறுநாள் ஒரு கதை வைத்திருப்பார்கள். போன் செய்து, "அரை மணி நேரம் வரலாமாண்ணே" என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு அக்காவைப் பார்க்கப் போகிற ஆணாக இருந்தால் மனைவியையோ சபையில் மூத்த ஒரு பெண்மணியையோ கூட்டிப் போங்கள்.

பீடிகை வேண்டாம். நான் சொன்னது இது: "அண்ணே, ஆயர் வீட்டு வாடகை பத்தி நீங்க பேசினதா என் காதுக்கு வந்துச்சு. அடுத்தவங்ககிட்ட கேக்கறதுக்கு உங்ககிட்டயே கேட்டுடலாம்னு வந்தேன். என்ன விஷயம்?" அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் மின்விசிறி மட்டும்தான் பேசியது. அண்ணி டீயும் மேரி பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போனார். "நான் ஒண்ணுமே சொல்லலையே" என்றார் அண்ணன்.

இந்த இடத்தில் சாட்சியை இழுக்காதீர்கள். "இன்னார் சொன்னார்" என்று ஒரு பெயரைச் சொன்னால் சண்டை அவருக்கும் இவருக்குமாக மாறிவிடும், நீங்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அவர் இல்லை என்றால் சரி, அது அவர் திரும்பி வருவதற்கான வழியாகக்கூட இருக்கலாம். உறுதியாக ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இனிமே குறை இருந்தா முதல்ல என்கிட்ட சொல்லுங்க. ஒரு வாரத்துல பதில் வரலைன்னா நீங்க யார்கிட்ட வேணா பேசுங்க." இதை மறுக்க யாருக்கும் காரணம் கிடைக்காது.

கிளம்பும்போது ஜெபம் பண்ணுவோம், வழக்கம்தான். ஆனால் "ஆண்டவரே, இந்தச் சகோதரனுடைய கண்களைத் திறந்தருளும்" என்று ஜெபத்திலேயே குத்தாதீர்கள். அதுவரை பேசியதெல்லாம் வீண். முதல் தவணையில் நான் அதைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஐந்தாவது படி: இரண்டு மூன்று பேரோடு

அண்ணன் மாறவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடியும் போனோம், மூன்று பேராக. யாரைக் கூட்டிப் போகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உங்களுக்கு வேண்டியவர் மூன்று பேரோடு போனால் அது பஞ்சாயத்து. ஒருவராவது அவர் மதிக்கிற ஆளாக இருக்க வேண்டும். உங்களைப் பார்த்து "நீ செஞ்சதும் தப்புதான்" என்று அங்கேயே சொல்லக்கூடியவராக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவர் வேண்டாம். எங்களோடு வந்தவர் அண்ணனின் ஞாயிறு பள்ளி வாத்தியார், எண்பது வயது. அவர் எதுவுமே பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். அதுவே போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தேதி, யார் யார் இருந்தார்கள், என்ன ஒத்துக்கொண்டோம் என்று நாலு வரி எழுதி வையுங்கள். உங்கள் அபிப்பிராயத்தை எழுதாதீர்கள். "அகங்காரமாகப் பேசினார்" என்பது அபிப்பிராயம். "இனி தனி ஜெபக்கூட்டத்தை வேறு நாளில் வைப்பதாகச் சொன்னார்" என்பது நடந்தது.

வாட்ஸ்அப், மேடை

சுருக்கமாக. சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி வையுங்கள். பேசிக்கொள்ள வேறு குரூப் இருக்கட்டும். இராத்திரி பதினொரு மணிக்கு வருகிற எந்தக் குற்றச்சாட்டுக்கும் எழுத்தில் பதில் வேண்டாம், காலையில் போன் செய்யுங்கள். ஆயரிடம் ஒரு வேண்டுகோள்: மேடையிலிருந்து பெயர் சொல்லாமல் அடிக்காதீர்கள் ஐயா. நீங்கள் நினைத்த ஒருவருக்குப் பதிலாக இருபது பேர் தன்னைத்தான் சொல்கிறார் என்று வீட்டுக்குப் போவார்கள். அந்த ஒருவர் மட்டும் பக்கத்து ஆளுக்கென்று நினைத்துக்கொள்வார்.

இந்த வழி பொருந்தாத இடம்

குழந்தையிடம் யாராவது பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தார் என்று தெரிந்தால், மத்தேயு 18-ஐ எடுத்துக்கொண்டு தனியாகப் பேசப் போகாதீர்கள். அது சபைத் தகராறு இல்லை, குற்றம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தாலும் உதவி வரும். "சபையின் பெயர் கெட்டுப்போகும், பிரிவினை உண்டாக்காதே" என்று பெற்றோரின் வாயை அடைக்கிறவர்தான் அந்த நேரத்தில் சபைக்குக் கேடு. வீட்டில் அடிபடுகிற பெண்ணுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. அடிக்கிற புருஷனோடு உட்கார்ந்து சமாதானம் பேசச் சொல்லாதீர்கள். சபைப் பணத்தைக் கையாடியிருந்தால் தணிக்கை, அப்புறம் சட்டம்.

ஆயரே கட்சி கட்டினால்? நடக்கிறது. 1 தீமோத்தேயு 5:19, இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் மூப்பர்மேல் பிராது ஏற்கக்கூடாது என்கிறது. அப்படியானால் இரண்டு மூன்று பேராக நேரில் போய்ச் சொல்லுங்கள், நடக்கவில்லை என்றால் மேலிடத்துக்குக் கையெழுத்துப் போட்டு எழுதுங்கள். மொட்டைக் கடிதம் வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும் குப்பைக்குத்தான் போகும்.

கடைசிப் படி: பொறுப்பை எடுப்பது

இரண்டு முறை சொல்லியும் நடக்கவில்லை என்றால், முதலில் பொறுப்பை எடுங்கள், ஆளை அனுப்பாதீர்கள். அண்ணனிடம் வீட்டு ஜெபக்கூட்டங்களின் பொறுப்பு இருந்தது. கமிட்டி கூடி அதை வேறு ஒருவருக்குக் கொடுத்தது. சபைக்கு அறிவித்தது ஒரே வரி: "இந்த மாதம் முதல் இன்னார் பார்த்துக்கொள்வார்." காரணம் கேட்டவர்களுக்கு, "அவர்கிட்ட சொல்லிட்டோம்" என்பதோடு நிறுத்தினோம். முழுக் கதையையும் சொல்லி நம் பக்க நியாயத்தை நிரூபிக்க நாக்கு துடிக்கும். சொன்னால் நாமும் பைக் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

அவசரமும் வேண்டாம். முதல் பேச்சிலிருந்து இதுவரை எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று, சிலர் அதையே பலவீனம் என்றார்கள். பல சபைப் பிரிவுகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவாக 1919-இல் தரங்கம்பாடியில் பேச்சு தொடங்கியது. அது முடிந்து கதீட்ரல் சாலையில் புனித ஜார்ஜ் பேராலயத்தில் எல்லோரும் ஒன்றாக நின்றது 1947 செப்டம்பர் 27. நடுவில் 28 வருஷம். எங்கள் வாத்தியார் ஐயா இதை அடிக்கடி சொல்வார், நாங்கள் ஏழு மாதத்துக்கு அலுத்துக்கொண்டபோதும் சொன்னார்.

அண்ணன் நாலு குடும்பத்தோடு கிளம்பினார். நாற்பது குடும்பம் போகும் என்று பேச்சு இருந்தது. போன வருஷம் அவருடைய அம்மா இறந்தபோது எங்கள் பாடற்குழு போய்ப் பாடியது. காசிமேடு கல்லறை வரைக்கும் நடந்தோம். அவர் என்னிடம் பேசவில்லை. மண் போடும்போது பக்கத்தில் நின்றிருந்தார், மண்வெட்டியை வாங்கி என் கையில் கொடுத்தார்.

போன மாதம் ஒரு போன். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற சபையின் பாஸ்டர். "பிரதர், அந்த அண்ணன் இப்ப எங்ககிட்ட வர்றாரு. வீட்டு ஜெபக்கூட்டத்தை அவர்கிட்ட கொடுக்கலாமான்னு பாக்கறேன். ஆள் எப்படி?"

ஆள் எப்படி என்பதற்கு நான் பதில் சொல்லவில்லை. எங்களிடம் அவர் அந்தப் பொறுப்பில் இருந்ததையும், எந்த மாதம் அதை எடுத்தோம் என்பதையும், அதற்கு முன்னால் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசியதையும் நோட்டைப் பார்த்துச் சொன்னேன். "மத்ததை அவர்கிட்டயே கேளுங்க பாஸ்டர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்லதான் இருப்பாரு."